யார் தலையிற் சுமத்துவது?

வலிகாமத்து ஊரொன்றின் சனசமூக நிலையத்தில் அண்மையில் நடைபெற்ற கூட்டமொன்றுக்கு நாமும் சென்றிருந்தோம். பாடசாலைக்குத் துவிச்சக்கர வண்டியிற் சென்ற சிறுவன் ஒருவன் சந்தியில் லொறி மோதி இறந்து ஒரு மாதங்கூட ஆகவில்லை. அன்றைய நிகழ்ச்சிநிரலில் ஒரேயொரு தீர்மானமே இருந்தது. தலைக்கவசம் அணியாது சைக்கிளில் வரும் எந்தப் பிள்ளையையும் பாடசாலை வாயிலுக்குள் அனுமதிக்கலாகாது என்பதே அது. ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் கண்கலங்கியபடி அதனை முன்மொழிந்தார். இறந்த சிறுவன் அவரிடம் படித்தவன். எவரும் எதிர்த்துப் பேசமாட்டார்கள் என்றே எண்ணினோம். அப்போது பின்வாங்கிலிருந்து ஒரு தோட்டத் தொழிலாளி எழுந்தார்.

"எனக்குப் பிள்ளையள் மூண்டு, சைக்கிள் ஒண்டு. மூண்டு கவசம் வாங்கச் சொல்லுறியள். கடன்பட்டாவது வாங்கிறன். லொறிக்காரன் என்ன வாங்க வேணும், மாஸ்டர்?"

மண்டபம் அமைதியாயிற்று. தீர்மானம் அடுத்த கூட்டத்துக்கு ஒத்திவைக்கப்பட்டது. ஆனால் அந்தத் தொழிலாளி எழுப்பிய வினாவை ஒத்திவைக்க எம்மால் இயலவில்லை. தெருவில் உண்டாகும் ஆபத்தை யார் தோற்றுவிக்கிறார், யார் சுமக்கிறார் என்ற அந்த வினாவுக்கு நூறாண்டுக்கு மேற்பட்ட வரலாறு உண்டு. அவ்வரலாற்றை அறியாது தலைக்கவசத்தைப் பற்றிப் பேசுவது நோயின் மூலத்தை ஆராயாது மருந்தின் விலையைப் பேசுவது போன்றதாகும்.

துவிச்சக்கர வண்டி மனிதன் கண்ட சாதனங்களுள் மிகவும் எளிமையானது, மிகவும் சமத்துவமானதுங்கூட. 1817-இல் ஜெர்மனியில் கார்ல் டிரைஸ் என்பவர் காலால் நிலத்தை உதைத்துச் செல்லும் மரவண்டியொன்றைச் செய்தார். 1885-இல் இங்கிலாந்தின் ஜோன் கெம்ப் ஸ்டார்லி இரு சக்கரங்களும் ஏறத்தாழ ஒத்த அளவுடையதாய், சங்கிலியால் இயங்கும் 'ரோவர்' வண்டியை வெளியிட்டார். 1888-இல் பெல்பாஸ்ட் நகரில் மிருக வைத்தியராயிருந்த டன்லொப், தம் மகனின் மூன்று சக்கர வண்டிக்காகக் காற்றடைத்த டயரை உருவாக்கினார். இன்று நாம் ஏறிச் செல்லும் வண்டி இம்மூவரின் உழைப்புக்குப் பின் பெரிதும் மாறவில்லை. டயருக்கு வேண்டிய இறப்பர் எங்கிருந்து வந்தது என்பதையும் மறத்தலாகாது. 1876-இல் கியூ தோட்டத்திலிருந்து வந்த இறப்பர்க் கன்றுகள் இலங்கையின் ஹெனரத்கொடையில் நடப்பட்டன. பின்னர் தோட்டங்கள் பெருகின; அவற்றிலே தென்னிந்தியாவிலிருந்து கொண்டுவரப்பட்ட எம்மினத்துத் தொழிலாளரும் வியர்வை சிந்தினர். சைக்கிள் ஏழையின் வாகனம் மட்டுமன்று, ஏழையின் உழைப்பாலும் உருண்ட வாகனம்.

யாழ்ப்பாணக் குடாநாடு சைக்கிளுக்கென்றே அமைந்த நிலம். கீரிமலை என்று ஓர் ஊருக்குப் பெயருண்டு. ஆயின் அங்கே மலை இல்லை. மலையும் ஆறுமில்லாத இச்சமதரையில் காங்கேசன்துறையிலிருந்து யாழ் நகருக்கு ஒரு மணித்தியாலத்துக்குச் சற்று மேலே மிதித்தால் வந்துவிடலாம். மாட்டுவண்டியும் திருக்கலும் ஓடிய தெருக்களிலே முதலில் உத்தியோகத்தரும் ஆசிரியரும் றலி, ஹம்பர் வண்டிகளில் வந்தனர். காலப்போக்கில் அவ்வண்டி உழைக்கும் மக்களின் கைக்கு வந்து சேர்ந்தது. விடியற்காலையில் மரவள்ளியும் வாழைக்குலையும் ஏற்றிச் சுன்னாகம் சந்தைக்கும் திருநெல்வேலிச் சந்தைக்கும் சென்றது அதுவே. குருநகரிலிருந்து மீன்பெட்டியை ஊரூராகக் கொண்டுபோனது அதுவே. சீவல் தொழிலாளியின் முட்டிகளைச் சுமந்ததும் அதுவே. தமிழகத்துக் கிராமங்கள் பலவற்றில் ஒடுக்கப்பட்ட மக்கள் மேற்சாதியார் தெருவில் சைக்கிளை விட்டிறங்கி உருட்டிச் செல்ல வேண்டுமென்ற கொடுமை நிலவியது. அதே தமிழகத்தின் புதுக்கோட்டையில் 1990-களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கத்தோடு சேர்ந்து கிராமத்துப் பெண்கள் ஆயிரக்கணக்கிற் சைக்கிள் பழகியபோது, அது அவர்களுக்கு வெறும் போக்குவரத்தாக அமையவில்லை. இவ்விரு செய்திகளும் ஓர் உண்மையையே உணர்த்துகின்றன. சைக்கிளில் ஏறுவது நிமிர்ந்து அமர்வது. ஆகவே அதில் ஏறுவோர்க்கு யாரும் புதிய நிபந்தனை விதிக்கும்போது, அதன் நோக்கம் நல்லதேயாயினும், நாம் கூர்ந்து பார்த்தல் வேண்டும்.

இனி மோட்டார் வண்டியின் வரலாற்றைப் பார்ப்போம். பிரித்தானியாவில் மோட்டார் வண்டி மோதி முதன்முதல் இறந்த பாதசாரி பிரிஜெற் டிரிஸ்கொல் என்னும் பெண்மணி. 1896 ஓகஸ்ட் மாதம் இலண்டனில் அவர் இறந்தபோது அவ்வண்டி நடையினும் சற்றே விரைவாகத்தான் ஓடியது. தெரு அதுவரை எல்லோருக்கும் பொதுவாயிருந்தது. பிள்ளைகள் விளையாடினர், வியாபாரிகள் கூவினர், கிழவர்கள் நின்று பேசினர். மோட்டார் வண்டி வந்ததும் யார் விலகுவது என்ற வினா எழுந்தது. அமெரிக்காவின் சின்சினாற்றி நகரில் 1923-இல் நாற்பதாயிரத்துக்கு மேற்பட்ட மக்கள் கையொப்பமிட்டு ஒரு கோரிக்கையை முன்வைத்தனர். மணிக்கு 25 மைலுக்கு மேல் ஓடமுடியாதவாறு ஒவ்வொரு மோட்டார் வண்டியிலும் வேகக்கட்டுப்பாட்டுப் பொறியொன்றைப் பொருத்த வேண்டும் என்பதே அக்கோரிக்கை. மோட்டார் வணிகர்கள் திரண்டெழுந்து பெரும் பிரசாரஞ் செய்தனர். வாக்கெடுப்பிற் கோரிக்கை தோற்றது. பின்வந்த ஆண்டுகளில், கண்டபடி தெருவைக் கடப்பவனே குற்றவாளி என்ற கருத்து அந்நாட்டில் வேரூன்றச் செய்யப்பட்டது. வேகத்தை விற்பவர் பொறுப்பிலிருந்து விடுபட்டார். நடப்பவர் தலையிற் பொறுப்பு ஏறியது. அந்தத் தொழிலாளியின் வினா முதன்முதல் வலுவாக எழுந்ததும் அடக்கப்பட்டதும் இவ்வாறுதான்.

தலைக்கவசத்தின் வரலாற்றிலும் ஓர் முரண் அடங்கியிருக்கிறது. 1935 மே மாதத்தில் 'அரேபியாவின் லோரன்ஸ்' எனப் புகழ்பெற்ற தி. இ. லோரன்ஸ் இங்கிலாந்தின் நாட்டுப்புறத் தெருவொன்றில் மோட்டார் சைக்கிளில் விரைந்து சென்றார். எதிர்ப்பட்ட இரு சிறுவர்கள் மீது மோதாதிருக்க வண்டியைத் திருப்பியபோது தூக்கியெறியப்பட்டுத் தலையில் அடிபட்டு ஆறு நாட்களின் பின் உயிர்நீத்தார். அவருக்குச் சிகிச்சையளித்த வைத்தியர்களுள் ஒருவரான ஹியூ கேர்ண்ஸ் என்னும் நரம்பியல் சத்திரசிகிச்சை நிபுணர் இம்மரணத்தால் உந்தப்பட்டு ஆராய்ச்சியில் இறங்கினார். 1941-இல் அவர் வெளியிட்ட கட்டுரை மோட்டார் சைக்கிளோட்டிகளுக்குத் தலைக்கவசத்தின் பயனை எடுத்துக் காட்டியது. அந்த இரு சிறுவர்களும் எதில் வந்தனர் தெரியுமா? சைக்கிளில். தலைக்கவசம் வேகமாகச் செல்பவனைக் காக்கப் பிறந்தது. மெதுவாகச் செல்பவனுக்கென்று வடிவமைத்த கவசம் 1975-இலேதான் அமெரிக்கச் சந்தைக்கு வந்தது. அதற்குள் அந்நாட்டுத் தெருக்கள் முற்றாக மோட்டார் வண்டிகளின் உடைமையாகியிருந்தன.

இப்போது நம் குடாநாட்டுக்குத் திரும்புவோம். உலகில் வேறெந்த மக்களும் தம் விருப்பத்துக்கு மாறாக இவ்வளவு நெடுங்காலம் மோட்டார் வண்டியில்லாது வாழ்ந்திருப்பரோ என்பது ஐயமே. 1990 யூன் மாதத்திற் போர் மீண்டும் மூண்டது. யாழ்தேவி நின்றது. கண்டி வீதி மூடப்பட்டது. பொருளாதாரத் தடை இறுகியது. பெற்றோலும் டீசலும் மின்கலங்களும் சவர்க்காரமும் அருமையாயின. துளி பெற்றோலை ஊற்றி இயந்திரத்தை உயிர்ப்பித்துப் பின் மண்ணெண்ணெயில் ஓடிய பழைய மொறிஸ் மைனர்களும் ஏ-40 கார்களும் புகை கக்கித் திரிந்த காலம் அது. மற்றெல்லாச் சுமையையும் சைக்கிளே ஏற்றது. நோயாளி கரியரில் இருந்தபடி வைத்தியசாலைக்குச் சென்றார். விறகும் நெல்லும் பிள்ளையும் பாரிலும் கரியரிலும் சென்றன. மின்சாரமும் மின்கலமுமில்லாத இரவுகளில் சைக்கிளை நிறுத்திவைத்து மிதித்து, டைனமோவிற் பிறந்த மின்னிலே வானொலிச் செய்தி கேட்டோம். 1995 ஒக்டோபர் 30-ஆந் திகதி இரவு வலிகாமத்திலிருந்து இலட்சக்கணக்கானோர் தென்மராட்சி நோக்கி வெளியேறிய போது, மழையில் நாவற்குழிப் பாலத்தைக் கடந்த அந்த மனித வெள்ளத்தில் வீட்டின் மிச்சமெல்லாம் சைக்கிள்களின் மீதே இருந்தன.

அக்காலத்தை நாம் பொற்காலமென்று புகழவில்லை. வானிலிருந்து குண்டு விழுந்த காலத்தை எந்த அறிவுள்ளவனும் ஏங்கி நினைக்கமாட்டான். எரிபொருளின்மை ஒரு தண்டனையாகவே நம்மீது விதிக்கப்பட்டது. அதனால் உரிய நேரத்தில் மருத்துவம் கிட்டாது மடிந்தோரும் உளர். ஆயினும் வரலாறு எந்தத் துன்பத்திலும் ஒரு பாடத்தை விட்டுச்செல்கிறது. ஆயிரக்கணக்கான சைக்கிள்கள் நெருங்கியோடிய அத்தெருக்களில் எவர் தலையிலுங் கவசமில்லை. தாய்மார் அக்காலத்திற் பிள்ளைகளுக்காக அஞ்சிய அச்சங்கள் எண்ணிலடங்கா. சந்தியில் லொறி வருமோ என்பது மட்டும் அவற்றுள் இடம்பெறவில்லை. சைக்கிள் அன்றும் அதே சைக்கிள். இன்றும் அதே சைக்கிள். மாறியது தெரு.

தெரு எவ்வாறு மாறியது? 2002-இற் கண்டி வீதி திறந்து 2006-இல் மீண்டும் மூடுண்டது. 2009-இற் போர் முடிந்தபின் அது நிலையாகத் திறக்கப்பட்டது. பெருவீதிகள் அகலமாக்கப்பட்டுக் கறுப்புக் கம்பளமாயின. தவணைக் கடனுக்கு மோட்டார் சைக்கிள்களும் முச்சக்கர வண்டிகளும் வந்து குவிந்தன. கொழும்பிலிருந்து இரவோடிரவாக லொறிகளும் சொகுசு பஸ்களும் வந்தன. இவற்றை நாம் வெறுக்கவில்லை. வழி திறந்ததால் விளைபொருள் தெற்குக்குச் செல்கிறது. நோயாளி விரைவில் வைத்தியசாலை சேர்கிறார். ஆனால் வீதியை அகலமாக்கிய கை, சைக்கிளுக்கென்று ஒரு முழம் ஒதுக்கியதா? சந்தி தோறும் வேகத்தைத் தணித்ததா? ஒழுங்கையிலிருந்து பெருந்தெருவில் ஏறும் பிள்ளை, நேற்றுவரை தனதாயிருந்த தெருவில் இன்று அந்நியனாக நிற்கிறான்.

கணக்கொன்று பார்ப்போம். சைக்கிளும் ஓட்டுபவனும் சேர்ந்து 80 கிலோ. வேகம் மணிக்கு 15 கிலோமீற்றர். சிறு கார் ஒன்று 1,200 கிலோ. வேகம் 60 கிலோமீற்றர். எடையில் 15 மடங்கு. வேகம் நான்கு மடங்காதலால் அதன் வர்க்கம் 16 மடங்கு. காரின் இயக்க ஆற்றல் சைக்கிளினதைப் போல 240 மடங்கு. லொறியின் கணக்கை வாசகரே போட்டுக்கொள்ளலாம். தலைக்கவசமோ, ஐரோப்பியத் தரவிதியின்படி, ஏறத்தாழ ஒன்றரை மீற்றர் உயரத்திலிருந்து விழும் மோதலுக்கே, அதாவது மணிக்கு 20 கிலோமீற்றருக்குச் சற்றுக் குறைந்த வேகத்துக்கே, சோதிக்கப்படுகிறது. தானாகச் சறுக்கி விழுபவனுக்கு அது மெய்யான காவல். லொறிக்கு முன் அது அரைக் காவலே.

அரைக் காவல் என்றோம்; காவலில்லை என்று கூறவில்லை. இங்கே நாம் நேர்மையாக இருத்தல் வேண்டும். பல நாட்டு ஆய்வுகளை ஒன்றுதிரட்டி 2016-இல் அவுஸ்திரேலிய ஆய்வாளர் வெளியிட்ட முடிவின்படி, விபத்துக்குள்ளான சைக்கிளோட்டிகளில் கவசம் அணிந்தோர்க்குக் கடுமையான தலைக்காயம் ஏற்படும் வாய்ப்பு ஏறத்தாழ மூன்றிலிரண்டு பங்கு குறைவாகக் காணப்பட்டது. அன்றியும், ஒரே தூரத்தைக் கடக்கையில் காருக்குள் இருப்பவனிலும் சைக்கிளில் இருப்பவனே பெரும்பாலான நாடுகளில் அதிகமாக இறக்கிறான். இவ்வுண்மைகளை மறைத்து வாதிடுவோர் மக்களின் நண்பரல்லர். மண்டையோட்டுக்குச் சித்தாந்தந் தெரியாது. தன் பிள்ளைக்கு ஒரு கவசம் வாங்கிக் கொடுக்கும் தாயை நாம் வணங்குவோம்.

ஆனால் காருக்குள் இருப்பவன் ஏன் குறைவாக இறக்கிறான்? அவனுந்தான் தலையில் அடிபடுகிறான். அவனுடைய தலையில் யாரும் கவசத்தை மாட்டவில்லை. 1959-இல் வொல்வோ நிறுவனத்தின் பொறியியலாளர் நில்ஸ் போலின் மும்முனை இருக்கைப்பட்டியை உருவாக்கினார். 1965-இல் ரால்ப் நாடர் எழுதிய நூலொன்று அமெரிக்கக் கார் உற்பத்தியாளரைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தியது. அதன்பின் உடைந்து நொறுங்கி அதிர்ச்சியை விழுங்கும் முன்பகுதி, காற்றுப்பை, உடையினுங் குத்தாத கண்ணாடி என்று பாதுகாப்பு வாகனத்தினுள்ளேயே கட்டப்பட்டது. காரோட்டிக்காகக் காரை மாற்றினார்கள், தெருவை மாற்றினார்கள், சட்டத்தை மாற்றினார்கள். சைக்கிளோட்டியைப் பற்றிப் பேசும்போது மட்டும் அவனையே மாறச் சொல்கிறார்கள். இன்னுமொன்று: சைக்கிளோட்டி தவறிழைத்தால் பெரும்பாலும் தானே அடிபடுகிறான், மோட்டாரோட்டி தவறிழைத்தால் அடுத்தவன் மடிகிறான். இவ்விரு ஆபத்துகளையும் ஒரே தராசில் நிறுப்பது நீதியாகாது.

சட்டத்தாற் கட்டாயப்படுத்திய நாடுகளின் அனுபவம் என்ன? அவுஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலம் 1990 யூலையில் எல்லாச் சைக்கிளோட்டிகளுக்கும் தலைக்கவசத்தைக் கட்டாயமாக்கியது. 1994-இல் நியூசிலாந்து பின்தொடர்ந்தது. கவசம் அணிவோர் தொகை ஏறியது. ஆனால் மெல்பேர்ணில் சட்டத்தின் பின் சைக்கிளோட்டும் பதின்மவயதினர் தொகை வெகுவாகக் குறைந்ததைக் கணக்கெடுப்புகள் காட்டின. 2003-இல் ஜேக்கப்சன் என்னும் அமெரிக்க ஆய்வாளர் சுட்டிக்காட்டியவாறு, தெருவிற் சைக்கிள்கள் பெருகப் பெருக ஒவ்வொரு சைக்கிளோட்டிக்கும் ஆபத்துக் குறைகிறது. கூட்டமே கவசம். சியாட்டில் நகரை உள்ளடக்கிய கிங் மாவட்டம் 2022-இல் தன் தலைக்கவசச் சட்டத்தை நீக்கியது. தண்டப்பணம் வீடற்றோர் மீதும் கறுப்பின மக்கள் மீதும் விகிதத்துக்கு மேலாக விழுந்தது தெரியவந்தமையே காரணம். நல்ல நோக்கத்தோடு எழுதப்பட்ட சட்டமும் சமமற்ற சமுதாயத்தில் எளியவன் கழுத்தையே முதலிற் பிடிக்கிறது. நம் சந்திகளிலே யாரை மறிப்பார்கள், யாரை வணங்கி அனுப்புவார்கள் என்பதை நாம் சொல்லவும் வேண்டுமோ?

மறுபுறத்தில் ஒல்லாந்தரைப் பாருங்கள். 1658 முதல் நம்மை ஆண்டவர்கள். கோட்டையைக் கட்டி, 1707-இல் நம் தேசவழமையைத் தொகுத்து, வரியும் வாங்கிச் சென்றவர்கள். அவர்களின் நாட்டில் 1971-இல் வீதி விபத்தில் இறந்தோர் மூவாயிரத்துக்கு மேற்பட்டோர்; அவர்களில் நானூறுக்கு மேற்பட்டோர் குழந்தைகள். பெற்றோர் கொதித்தெழுந்தனர். பிள்ளையைப் பறிகொடுத்த பத்திரிகையாளர் ஒருவரின் எழுத்திலிருந்து 'குழந்தைக் கொலையை நிறுத்து' என்ற இயக்கம் பிறந்தது. அவர்கள் வாகனங்களை மறித்துத் தெருவில் அமர்ந்தனர். பிள்ளைகளைத் தெருவில் விளையாட விட்டனர். அவர்கள் கேட்டது தலைக்கவசம் அன்று, தெரு. 1973-இல் எண்ணெய் நெருக்கடி வந்தபோது ஞாயிற்றுக்கிழமைகளில் மோட்டார் வண்டிகளே ஓடலாகாதென அரசு தடைசெய்தது. சில வாரங்கள் அந்நாட்டு மக்கள் வெறுமையான தெருவின் இனிமையைச் சுவைத்தனர். பிரித்தமைத்த சைக்கிள் பாதைகளும் வேகந்தணித்த குடியிருப்புத் தெருக்களும் பின்வந்த ஆண்டுகளில் எழுந்தன. இன்று அங்கே பெரும்பாலானோர் கவசமின்றியே சைக்கிளில் செல்கின்றனர். உலகிற் பாதுகாப்பாகச் சைக்கிளோட்டக்கூடிய நாடுகளில் அது முன்னணியில் நிற்கிறது. அவர்கள் சில ஞாயிற்றுக்கிழமைகளிற் கற்ற பாடத்தை நாம் ஐந்தாண்டுகள் முழுவதும் படித்தோம். அவர்களோ படித்ததைத் தெருவாகக் கட்டினர், நாம் மறந்தோம்.

உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டின்படி 2021-இல் வீதி விபத்துகளில் 11 இலட்சத்து 90 ஆயிரம் பேர் இறந்தனர். அவர்களிற் பாதிக்கு மேற்பட்டோர் நடந்து சென்றவர்களும் சைக்கிளிலும் மோட்டார் சைக்கிளிலும் சென்றவர்களுமே. இறந்தோரில் நூற்றுக்குத் தொண்ணூற்றிரண்டு பேர் வறிய, நடுத்தர வருமான நாடுகளைச் சேர்ந்தோர். இலங்கையிலும் அண்மைய ஆண்டுகளில் ஆண்டொன்றுக்கு இரண்டாயிரத்துக்கு மேற்பட்டோர் தெருவில் மடிகின்றனர். சராசரி வேகம் நூற்றுக்கு ஒன்று ஏறினால் உயிர்ச்சேதம் விளைக்கும் விபத்தின் வாய்ப்பு நூற்றுக்கு நான்கு ஏறுகிறது என்று அந்நிறுவனமே கூறுகிறது. பாதசாரிகளும் சைக்கிளோட்டிகளும் வாகனங்களோடு கலந்து செல்லுமிடங்களில் மணிக்கு 30 கிலோமீற்றரே உச்ச வேகமாயிருத்தல் வேண்டுமென 2020-இல் ஸ்டொக்ஹோம் பிரகடனம் வலியுறுத்தியது.

ஆகவே அந்தத் தோட்டத் தொழிலாளிக்கு நாம் விடை சொல்லக் கடமைப்பட்டுள்ளோம். லொறிக்காரன் என்ன வாங்க வேண்டும்? அவனும் கூலிக்காரனே, விடியுமுன் சந்தைக்குச் சரக்குச் சேராவிட்டால் அவனுடைய கூலி குறையும். அவன் காலை வேகமிதியில் அழுத்துவது முதலாளியின் அவசரம். எனவே வாங்க வேண்டியவர் அவருக்கு மேலேயிருப்பவர்: ஓட்டுநனுக்கு உறக்கத்துக்கு நேரமும் நிறைவான கூலியும் சரக்கின் உடைமையாளர் கொடுக்க வேண்டும்; வேகந் தணிக்கும் மேடுகளும் சைக்கிள் பாதையும் சந்தி விளக்கும் வீதியமைப்போர் கொடுக்க வேண்டும்.

அடுத்த கூட்டத்தில் நாம் ஒரு திருத்தத்தை முன்மொழிய எண்ணியுள்ளோம். பெருந்தெருவில் வரும் பிள்ளைகளுக்குக் கவசம் நல்லது. அதனைச் சனசமூக நிலையமே நிதி திரட்டி இலவசமாகக் கொடுக்கட்டும். சைக்கிளுக்கு முன்விளக்கும் பின்புறச் சிவப்பொளியும் அவ்வாறே கொடுக்கட்டும். ஆனால் கவசமில்லையென்று ஒரு பிள்ளையைக்கூடப் பாடசாலை வாயிலில் திருப்பியனுப்பக் கூடாது. வறுமையைக் குற்றமாக்கும் கல்வி கல்வியன்று. அதே தாளில், பாடசாலைச் சுற்றாடலில் 30 கிலோமீற்றர் வேக எல்லையும், பிள்ளைகள் வரும் போகும் வேளைகளிற் பாரவண்டித் தடையும், அச்சந்தியின் மறுசீரமைப்புங் கோரி ஊர் முழுவதும் கையொப்பமிட்டுப் பிரதேச சபையிடமும் வீதி அதிகாரிகளிடமும் நேரிற் சென்று கொடுத்தல் வேண்டும். விடை வராவிட்டால், ஒல்லாந்து நாட்டுத் தாய்மார் அமர்ந்ததுபோல் நாமும் அச்சந்தியில் அமர்வோம்.

ஓய்வுபெற்ற அவ்வாசிரியர் மீது எமக்குச் சிறிதும் மனத்தாங்கல் இல்லை. தம் மாணவனைத் தீயிலிட்டுத் திரும்பிய மனிதர், தம் கைக்கெட்டிய ஒன்றைச் செய்யத் துடித்தார். கைக்கெட்டியது பிள்ளையின் தலையாயிருந்தது. கைக்கெட்டாததாய்த் தோன்றும் தெருவையும் எட்டிப் பிடிக்கும் வகையில் நம் கைகளை ஒன்றுசேர்ப்பதே இனி நம் பணி.